குட்டியானைக்கு முதற் செலவு எது?

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில், ஒரு காலத்தில் இரட்டை மாட்டு வண்டி நின்ற வாசல்களில் இன்று சிறிய சரக்கு வண்டி நிற்கிறது. கிணத்துக்கடவுச் சந்தைக்குப் போகும் தக்காளியும், பொள்ளாச்சித் தேங்காயும், மேட்டுப்பாளையம் மண்டியின் உருளைக்கிழங்கும், திருப்பூரின் பனியன் மூட்டைகளும் இத்தகைய வண்டிகளில் நாள்தோறும் ஏறி இறங்குகின்றன. பல வீடுகளில் உரிமையாளரும் ஓட்டுநரும் ஒருவரே. சில வீடுகளில் தந்தை பகலில் ஓட்டுகிறார். மகன் இரவில் ஓட்டுகிறான். மாதத் தவணை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மளிகைக் கடைப் பாக்கி ஆகிய மூன்றும் அந்த நான்கு சக்கரங்களை நம்பியே இருக்கின்றன. ஆகவே, வண்டியைப் பற்றிய பேச்சு ஆண்களுக்கும் பட்டறைக்கும் உரியது என்று ஒதுக்கிவிடாமல், குடும்பம் முழுவதும் அமர்ந்து பேச வேண்டிய பொருளாக அதனை இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம்.

2005-ஆம் ஆண்டு மே மாதத்தில் டாட்டா நிறுவனம் 'ஏஸ்' என்னும் சிறு சரக்கு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் எஞ்சின், 16 குதிரைத் திறன், 750 கிலோ பாரம் என்பன அதன் அளவுகள். நம் மக்கள் அதற்குக் 'குட்டியானை' என்று பெயரிட்டனர். 2011-இல் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் 'தோஸ்த்' வந்தது. பிறகு வேறு பல வண்டிகளும் வந்தன. எந்தக் கம்பெனியின் வண்டியாயினும் ஊரார் வாயில் பெரும்பாலும் அது குட்டியானைதான். லாரி வாங்க வசதியற்ற குடும்பங்களும் சொந்தத் தொழில் செய்ய இவ்வண்டிகள் வழி திறந்தன என்பதை யாரும் மறுக்க இயலாது.

ஆனால் வண்டி வீட்டிற்கு வந்தபின் நடப்பது என்ன? முதல் மாத வாடகை கைக்கு வருமுன்பே வண்டி அலங்காரக் கடைக்குப் போய்விடுகிறது. பாரம் கூடுதலாகத் தாங்கும் என்று பின்புறத்தில் இரண்டு ஸ்பிரிங் பட்டைகள் சேர்க்கப்படுகின்றன. முகப்பில் பளபளக்கும் இரும்புக் கம்பித் தடுப்பு, கூரையில் கண்ணைப் பறிக்கும் விளக்குகள், ஊரையே எழுப்பும் காற்று ஹாரன், இருக்கைக்குப் பின்னால் பாட்டுப் பெட்டி ஆகியவை ஒவ்வொன்றாக ஏறுகின்றன. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பிரேக் லைனிங் தேய்ந்தபோது, அதே உரிமையாளர் உதிரிப் பாகக் கடையில் நின்று, "இருப்பதிலே விலை குறைந்ததாக எடுங்கள்" என்கிறார். ஹாரனுக்குத் தாராளம், பிரேக்குக்குச் சிக்கனம் என்னும் இவ்வரிசை தலைகீழானது. அதனை நேராக்கிக்கொள்ள என்ன வழி என்பதே நாம் இங்குச் சிந்திக்க விரும்புவது.

நம் ஊரின் கைத்திறன்

கம்பெனிப் பாகம் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்று சொல்ல நாம் வரவில்லை. அப்படிச் சொன்னால் கோயம்புத்தூரின் வரலாற்றையே மறந்தவர்களாவோம். ஜி. டி. நாயுடு அவர்கள் 1920-ஆம் ஆண்டில் ஒரே ஒரு பேருந்தை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். அந்த ஒற்றை வண்டியிலிருந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரிய போக்குவரத்து நிறுவனம் வளர்ந்தது. 1937-இல் தோன்றிய எல். ஜி. பாலகிருஷ்ணன் சகோதரர்கள் நிறுவனமும் முதலில் போக்குவரத்துத் தொழிலில் இருந்து, பின்னர் வண்டிச் சங்கிலிகள் செய்யும் தொழிலில் பெயர் பெற்றது. 1960-இல் தொடங்கிய எல்ஜி நிறுவனத்தின் காற்றழுத்தக் கருவிகள் நாட்டின் பட்டறைகளுக்குச் சென்றன. ரூட்ஸ் நிறுவனத்தின் ஹாரன்களும், பெரியநாயக்கன்பாளையத்தில் பிறந்த பிரிக்கால் நிறுவனத்தின் வேகமானிகளும் இன்று எத்தனையோ வண்டிகளில் இருக்கின்றன.

வண்டி ஓட்டியவர்களுள் சிலரே வண்டிக்கு வேண்டியவற்றைச் செய்யவும் முற்பட்ட ஊர் இது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளையும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளை ஆயத்தம் செய்யும் தொழிலாளரையும் நாம் அறிவோம். இப்படிப்பட்ட மண்ணில் வெளிக் கம்பெனிப் பாகம் என்றாலே மட்டம் என்று கூறுவது உழைப்பாளிகளை அவமதிப்பதாகும். பாகத்தைச் செய்தவர் அதன் மேல் தம் பெயரையும் முகவரியையும் பொறிக்கத் துணிந்தாரா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பெயர் உள்ள பாகமும் பெயரில்லாப் பாகமும்

கடைகளில் கிடைக்கும் உதிரிப் பாகங்களை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது, வண்டிக் கம்பெனியின் முத்திரையுடன் வருவது. இரண்டாவது, வண்டிக் கம்பெனிக்கே அப்பாகத்தைச் செய்து கொடுக்கும் தொழிற்சாலை, தன் சொந்தப் பெயரில் விற்பது. பல நேரங்களில் இரண்டும் ஒரே தரத்தவை; விலை மட்டும் இரண்டாவதில் குறைவாக இருக்கும். மூன்றாவது, வேறு தொழிற்சாலை தன் பெயரையும் பொறுப்பையும் ஏற்றுச் செய்வது. இவற்றுள் நல்லனவும் உண்டு, சுமாரானவையும் உண்டு; அனுபவமுள்ள மெக்கானிக்கின் யோசனை இங்கே பயன்படும். நான்காவது, பிறர் பெயரைத் திருடி ஒட்டிக்கொண்டு வரும் போலி. இதற்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. உடைந்தால் கேட்பதற்கு ஆள் கிடையாது.

போலியைக் கண்டுகொள்வது எப்படி? பெட்டியில் அச்சு மங்கலாக இருக்கிறதா, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். பாகத்தின் எண், செய்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, செய்தவரின் முழு முகவரி ஆகியவை இருக்க வேண்டும். பெட்டியிலுள்ள எண்ணும் பாகத்தின் மேல் பொறித்த எண்ணும் ஒத்திருக்க வேண்டும். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து எடையையும் அளவையும் ஒப்பிடுங்கள். வழக்கமான விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்றால் மகிழ்ச்சி அடைவதற்கு முன் சந்தேகம் அடையுங்கள். ரசீது கட்டாயம் வாங்குங்கள். ரசீது தர மறுக்கும் கடையில் பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் வாங்காதீர்கள். பாகத்தைப் பொருத்தியபின் காலிப் பெட்டியைக் கிழித்து எறியுங்கள். நல்ல கம்பெனியின் காலிப் பெட்டிகளைச் சேகரித்துப் போலிப் பாகங்களை அவற்றில் அடைத்து விற்பவர்கள் உண்டு.

உக்கடம் போன்ற இடங்களில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளைப் பற்றியும் ஒரு சொல். கதவு, கண்ணாடி, முகப்புத் தகடு, இருக்கைச் சட்டம் போன்றவற்றை அங்கே தாராளமாக வாங்கலாம். பணமும் மிச்சம், பொருளும் வீணாகாது. ஆனால் பிரேக் ரப்பர் குழாய், வீல் சிலிண்டர், ஸ்டியரிங் இணைப்புகள், சக்கரத்தின் பேரிங், டயர் ஆகியவற்றைப் பழையதாக ஒருநாளும் வாங்கலாகாது. இவை வெளியே நன்றாகத் தோன்றி உள்ளே களைத்துப்போயிருக்கும். எத்தனை கிலோமீட்டர் உழைத்தன, எந்த விபத்தில் அடிபட்டன என்பதை விற்பவரும் அறியார்.

நிறுத்துவது முதலில்

வண்டிக்குச் செய்யும் செலவுகளை ஒரு வரிசையில் அமைத்துக்கொள்ளுமாறு நம் குடும்பங்களை வேண்டுகிறோம். வண்டியை நிறுத்துவது எதுவோ அதற்கு முதலிடம். திருப்புவதற்கு இரண்டாம் இடம். சாலையைப் பற்றிக்கொள்ளும் டயருக்கு மூன்றாம் இடம். பார்க்கவும் பார்க்கப்படவும் உதவும் விளக்குகளுக்கு நான்காம் இடம். எஞ்சினுக்கு ஐந்தாம் இடம். இவை அனைத்தும் ஒழுங்காக இருந்தபின் பணம் எஞ்சினால் அழகுக்குச் செலவிடலாம். எஞ்சினை ஐந்தாவதாகத் தள்ளினீர்களே என்று சிலர் வியப்படையலாம். எஞ்சின் பழுதானால் வண்டி வழியில் நின்றுவிடும்; அன்றைய வாடகை போகும். பிரேக் பழுதானாலோ வண்டி நிற்காது. போவது வாடகையோடு முடிவதில்லை.

பிரேக்கின் தன்மையைச் சற்று அறிந்துகொள்வோம். ஓடும் வண்டியின் வேகத்தை வெப்பமாக மாற்றுவதே பிரேக்கின் வேலை. எடை இரு மடங்கானால் வெப்பமும் இரு மடங்கு. வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. லைனிங் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் பிடிப்பு குறைந்துவிடும். மிதித்தால் பெடல் கெட்டியாகவே இருக்கும். வண்டி மட்டும் நிற்காது. மட்டமான லைனிங் இந்த நிலைக்கு விரைவில் வந்துவிடுகிறது. சமவெளியில் அவினாசி சாலையில் ஓட்டும்போது நல்லதற்கும் மட்டமானதற்கும் வேறுபாடு தெரியாது. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில், பாரத்தோடு இறங்கி வரும்போதுதான் அது தெரியும். அப்போது தெரிந்து பயனில்லை.

பிரேக் ஆயிலையும் பலர் மறந்துவிடுகின்றனர். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகை, புதியதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மலைச் சரிவில் பிரேக் சூடேறும்போது ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டானால், பெடல் தரைவரை சென்றுவிடும். எனவே, ஆயிலின் அளவு குறையாவிட்டாலும் கையேட்டில் கூறியபடி, பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதனை முழுவதும் மாற்ற வேண்டும். அவசரத்திற்கு எஞ்சின் ஆயிலையோ வேறு எண்ணெயையோ அதில் ஊற்றினால் உள்ளேயுள்ள ரப்பர் வளையங்கள் ஊதிப்போய் முழு அமைப்பும் கெட்டுவிடும்.

லைனிங்கை எப்போதும் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதியது, மறு பக்கம் பழையது என்றிருந்தால் வண்டி ஒரு புறமாக இழுக்கும். தேய்ந்த டிரம்மை லேத்தில் கடைந்து சரிசெய்யலாம். ஆனால் எவ்வளவு கடையலாம் என்பதற்கு எல்லை உண்டு, அந்த அளவு டிரம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டினால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. டிரம்மைக் கழற்றியதும் உள்ளிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதும் வழக்கத்தை நம் பட்டறைப் பிள்ளைகள் விட்டுவிட வேண்டும். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்குக் கொடிய பகை. ஈரத் துணியால் துடைப்பதே முறை.

எவ்வளவு நல்ல பாகம் போட்டாலும் ஓட்டும் முறை கெட்டால் பயனில்லை. தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர்க் கணவாய் பல விபத்துகளைக் கண்ட சரிவு. டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி வண்டியை நியூட்ரலில் உருட்டுவது அத்தகைய சரிவுகளில் பெரும் ஆபத்து. நியூட்ரலில் எஞ்சினின் பிடிப்பு போய்விடும். முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். எஞ்சினையே நிறுத்திவிட்டாலோ, பிரேக் பெடலுக்குத் துணைசெய்யும் வெற்றிட அமைப்பும் ஓய்ந்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய லாரி ஓட்டுநர்கள் கற்பித்த பாடம். அதனை மிஞ்சிய அறிவுரை இன்றும் இல்லை.

டயரைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2322 என்றிருந்தால், 2022-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். கடையில் 'புதியது' என்று கொடுக்கப்படும் டயர் எத்தனை ஆண்டுகள் கிடங்கில் கிடந்தது என்பதை இதனால் அறியலாம். ரீட்ரெடிங் செய்த டயர் சிக்கனமானது; நம்பகமான இடத்தில் செய்திருந்தால் பின் சக்கரங்களுக்கு ஏற்றது. முன் சக்கரங்களில் அதனைப் போட வேண்டாம். பின் டயர் கழன்றால் தடுமாற்றம். முன் டயர் கழன்றால் வண்டியைத் திருப்பும் ஆற்றலே போய்விடும்.

கூடுதல் பட்டை என்னும் மயக்கம்

இப்போது நாம் மிகுதியாக வற்புறுத்த வேண்டிய செய்திக்கு வருகிறோம். "இரண்டு பட்டை சேர்த்தால் ஒன்றரை டன் ஏற்றலாம்" என்று சொல்லாத பட்டறை அரிது. பட்டை சேர்த்தால் வண்டியின் பின்புறம் தாழாது என்பது உண்மையே. ஆனால் தாழாமல் நிற்பது வேறு, தாங்குவது வேறு. பட்டை சேர்ந்ததால் அச்சு பெரிதாகிவிட்டதா? பேரிங் வலுவாகிவிட்டதா? டயரின் தாங்குசக்தி கூடிவிட்டதா? பிரேக் டிரம் அகன்றுவிட்டதா? ஒன்றும் மாறவில்லை. அளவுக்கு மீறிய பாரம் ஏறியிருக்கிறது என்று கண்ணுக்குக் காட்டிய ஒரே அடையாளத்தைத்தான் நாம் மறைத்துவிட்டோம். காய்ச்சலைக் குறைக்காமல் வெப்பமானியை உடைத்ததற்கு ஒப்பாகும் இது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடக்கக் காலக் குட்டியானை, பாரத்தோடு சேர்த்து ஏறத்தாழ 1,500 கிலோ இருக்க வேண்டும். அதில் 750 கிலோவுக்குப் பதில் 1,500 கிலோ ஏற்றினால் மொத்த எடை 2,250 கிலோ ஆகிறது. அதே வேகத்திலிருந்து நிறுத்துவதற்குப் பிரேக் ஒன்றரை மடங்கு வேலை செய்ய வேண்டும். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சில வண்டிகளில், பின்புறம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு பாரத்தை அறிந்து, அதற்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கிறது. பட்டை சேர்த்துப் பின்புறம் உயர்ந்துவிட்டால், அந்த வால்வு வண்டி காலியாக இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளும். பாரம் மிகுந்திருக்கும் நேரத்தில் பின் பிரேக்கின் வலிமையைக் குறைத்துவிடும். இத்தனையும் பட்டை விற்பவர் நமக்குச் சொல்வதில்லை.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. தேய்ந்த பாகத்திற்குப் பதில் அதே வகைப் பாகம் போடுவதில் தடையேதும் இல்லை. ஆனால் கம்பெனி வகுத்த அமைப்புக்கு மாறாக, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களோடு வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பில் இதனை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லா மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதிக பாரத்திற்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஒருமுறை பிடிபட்டால், பல நாட்கள் அதிக பாரம் ஏற்றிச் சேர்த்த லாபம் ஒரே நாளில் கரைந்துவிடும்.

"அடுத்தவன் ஏற்றுகிறான், நான் மறுத்தால் லோடு அவனுக்குப் போய்விடும்" என்று கேட்கும் உரிமையாளரின் வேதனை நமக்குப் புரியாமல் இல்லை. வியாபாரி பேசும் வாடகையில் இரண்டு நடை போக முடியாது என்பதும் உண்மையே. ஆயினும் இரண்டு டயர் வெடித்து, அச்சு வளைந்து, வண்டி பட்டறையில் பத்து நாள் கிடந்தால் ஏற்படும் நஷ்டத்தை எந்த வியாபாரியும் தருவதில்லை. ஓர் ஊரில் வண்டி வைத்திருப்போர் ஒன்றுகூடி, இந்த அளவுக்கு மேல் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தால் வாடகையும் நியாயமாகும். தனியொருவரால் ஆகாதது பலர் கூடினால் ஆகும்.

விளக்கும் ஹாரனும்

வண்டியோடு வரும் முகப்பு விளக்கு பெரும்பாலும் 60/55 வாட் அளவுடையது. அதற்குப் பதில் 100 வாட் பல்பைப் போட்டால் வெளிச்சம் கூடும் என்பர். ஆனால் அந்த மெல்லிய கம்பிகள் அவ்வளவு மின்சாரத்திற்காகப் போடப்பட்டவையல்ல. அவை சூடேறி, மேலுறை உருகி, தீப்பிடிக்க இடமுண்டு. பாட்டுப் பெட்டிக்கும் வண்ண விளக்குக்கும் கண்ட இடத்தில் கம்பியைச் சுரண்டி இணைப்பு எடுப்பதும் அவ்வாறே. கூடுதல் விளக்கு வேண்டுமாயின் அனுமதிக்கப்பட்ட வகையை, தனி ரிலேயும் தனி ஃபியூஸும் வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றும் மெக்கானிக்கிடம் வண்டியை மீண்டும் விடாதீர்கள். எதிரே வருபவரின் கண் கூசினால் அவர் வந்து மோதப்போவது நம் வண்டியின் மேல்தான் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

பல குரல்களில் ஒலிக்கும் ஹாரன் விதிகளின்படி தடை செய்யப்பட்டது. முகப்பில் பொருத்தும் இரும்புத் தடுப்பையும் அகற்றச் செய்யுமாறு 2017 டிசம்பரில் மத்திய அரசின் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. மோதலின்போது முகப்பு நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. இரும்புத் தடுப்போ அவ்வதிர்ச்சியை நேரே சட்டத்திற்குக் கடத்துகிறது; நடந்து செல்பவர் மேல் பட்டால் அவரைக் கொடிதாகத் தாக்குகிறது.

இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவில் மிகச் சிறு பகுதியைக் கொண்டு, உயிர் காக்கும் ஒரு பொருளை வாங்கலாம். அதுதான் ஒளி திருப்பும் பட்டை. முன்னே வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னே சிவப்பு என்பது அதன் முறை. பல்லடம் சாலையிலோ சத்தி சாலையிலோ நள்ளிரவில் பழுதாகி நிற்கும் வண்டியைப் பின்னால் வருபவருக்குக் காட்டிக்கொடுப்பது அதுவே. சேறு படிந்த பட்டை இருந்தும் இல்லாததற்குச் சமம். வாரம் ஒருமுறை துடைத்து வையுங்கள். இந்த வேலையை வீட்டுப் பிள்ளைகளே செய்யலாம்.

எஞ்சினுக்கு வேண்டியது

சிறிய எஞ்சினை மேலும் ஆற்றல் உள்ளதாக மாற்ற முயல்வதில் பொருளில்லை. அது கேட்பது மூன்றே: தூய காற்று, தூய எண்ணெய், தூய டீசல். காற்று வடிகட்டியைச் செங்கல் சூளை, கல் குவாரிப் பக்கம் ஓடும் வண்டிகள் கையேட்டில் உள்ளதைவிட முன்பாகவே மாற்ற வேண்டும். போலி எண்ணெய் வடிகட்டி மெல்லிய காகிதத்தால் ஆனது. அது கிழிந்தால் அழுக்கெண்ணெய் நேரே பேரிங்குகளுக்குச் செல்லும். நூறு ரூபாய் மிச்சம் பிடித்து எஞ்சினை இழப்பது அறிவுடைமையாகாது.

ரேடியேட்டரில் ஆழ்துளைக் கிணற்றுச் சப்பைத் தண்ணீரை ஊற்றினால், வீட்டுப் பாத்திரத்தில் படிவது போல் உள்ளே உப்பு படிந்துவிடும். சிறுவாணித் தண்ணீரே ஆயினும் தனியே ஊற்றினால் துருவைத் தடுக்காது. கையேட்டில் சொன்ன கூலண்டை, சொன்ன அளவில் கலந்தே ஊற்ற வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் புகையைக் கட்டுப்படுத்தும் உணரிகள் பல உண்டு. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதன் கம்பியைப் பிடுங்கிவிடும் 'வைத்தியம்' நாளைய பெருஞ்செலவுக்கு இன்று போடும் விதையாகும்.

ஆட்களுக்கான வண்டியன்று

நம் பங்குக் குடும்பங்களிடம் மனம் திறந்து ஒன்று கூற வேண்டும். கருமத்தம்பட்டித் திருவிழாவுக்கோ, உறவினர் வீட்டுத் துக்கத்திற்கோ, திருமணத்திற்கோ செல்லும்போது, சரக்கு வண்டியில் பெஞ்சு போட்டு, தார்ப்பாய் கட்டி, இருபது பேர் ஏறிக்கொள்வதை நம் ஊர்களில் காண்கிறோம். வண்டிக்காரர் வேண்டியவர், வாடகையும் வாங்குவதில்லை, நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார். ஆயினும் உட்கார இடமற்ற, பிடித்துக்கொள்ளப் பிடியற்ற அப்பெட்டியில் ஒரு திருப்பத்தில் வண்டி சாய்ந்தால் என்ன நேரும்? மூட்டைகள் ஒரே இடத்தில் இருக்கும். மனிதர்கள் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்வார்கள். அதனால் வண்டி மேலும் கவிழும். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்பவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரக் கடமைப்பட்டதன்று என்பதை உச்ச நீதிமன்றமும் தீர்ப்பாகக் கூறியிருக்கிறது. விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுச் சுமை உரிமையாளரின் தலையில் விழக்கூடும். நன்மை செய்யப்போன குடும்பம் வீட்டையும் நிலத்தையும் இழந்து நிற்கும். ஏறிப்போன குடும்பமோ ஆறுதலற்று நிற்கும். பத்துக் குடும்பங்கள் பணம் சேர்த்து ஒரு வேனோ பேருந்தோ அமர்த்துவது இதற்கு எளிய மாற்று.

வண்டிக்கு ஒரு நோட்டு

இறுதியாக ஒரு யோசனை. ஒவ்வொரு வண்டிக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில், எந்தப் பாகம், எந்தக் கம்பெனி, என்ன விலைக்குப் போடப்பட்டது என்பதை எழுதி, ரசீதுகளை அதில் ஒட்டி வையுங்கள். கணக்கெழுதும் பொறுப்பை இல்லத்தரசியோ கல்லூரி செல்லும் மகளோ ஏற்கலாம். அடுத்த லைனிங் எப்போது, பிரேக் ஆயில் எப்போது, காப்பீடும் எஃப்.சி. என்று நாம் சொல்லும் தகுதிச் சான்றும் எப்போது முடிகின்றன என்பது அதனால் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று ஆண்டுதோறும் வாங்க வேண்டும். அந்த ஒரு நாளுக்காக நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாள் வழுக்கை டயரோடு ஓட்டுபவர் அதிகாரியை ஏமாற்றவில்லை. தம் பிள்ளைகளை ஏமாற்றுகிறார்.

வண்டி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு ரூபாயைத் தனியே எடுத்து வைக்கப் பழகுங்கள். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடினால் ஆண்டுக்கு 36,000 ரூபாய் சேரும். லைனிங், டயர், எண்ணெய் என்று செலவு வரும்போது, தவணைப் பணத்தைத் தொடவோ வட்டிக்கு வாங்கவோ நேராது. "இருப்பதிலே விலை குறைந்ததாக எடுங்கள்" என்று சொல்ல வேண்டிய நெருக்கடியும் வராது. பெரும்பாலும் மட்டமான பாகத்தை வாங்க வைப்பது பேராசையன்று, அந்த நேரத்தில் கையில் பணமில்லாத நிலையே. அதனை முன்கூட்டியே மாற்றிவைப்பது குடும்பத்தின் கையில் இருக்கிறது.

புதிய வண்டி வாங்கியிருக்கும் குடும்பங்களும், பழைய வண்டியைச் சீர்செய்ய எண்ணியிருக்கும் குடும்பங்களும் இன்றிரவே அமர்ந்து ஒரு தாளில் தங்கள் செலவு வரிசையை எழுதிப் பாருங்கள். அதன் முதல் வரியில் பிரேக் இருக்கட்டும். ஹாரன் கடைசி வரிக்குப் போகட்டும். வண்டி வீட்டிற்கு உழைக்கிறது. அதனை ஓட்டிச் சென்றவர் ஒவ்வொரு நாளும் வீடு வந்து சேர்வதைவிடப் பெரிய வருமானம் அதனால் நமக்கு வரப்போவதில்லை.